பாங்கின் முதற்பொருள்

தாலந்துகளைப் பற்றிய உவமை நம் கல்லூரியிற் பயில்வார் யாவரும் நன்கறிந்தது. தன்பால் ஒப்படைக்கப்பட்ட ஒரு தாலந்தை நிலத்திற் புதைத்துவைத்த ஊழியனை நோக்கி, அதனைக் காசுக்காரரிடமேனும் இட்டிருந்தால் வட்டியோடு பெற்றிருக்கலாமே என்று அவன் தலைவன் கடிந்துகொள்கின்றான். அவ்வுவமையின் ஆன்மப்பொருளை விரித்துரைத்தற்குப் பெரியோர் பலர் உளர். யாம் ஈண்டு நோக்குவது, அத்தலைவன் வாய்விட்டுக் கூறாது உள்ளத்திற் கொண்டிருந்த ஒரு துணிபினையே. காசுக்காரரிடம் இட்ட பணம் தவறாது மீளும் என்பதில் அவனுக்குச் சிறிதும் ஐயமில்லை. அத்துணிபுக்கு அடிப்படை யாது? பிறர் பொருளை வாங்கிப் பிறர்க்கே கடனாக வழங்கும் ஒருவன், கொடுத்த கடன் திரும்பாதொழியின், தன்னை நம்பியவர்க்கு எதனைக்கொண்டு ஈடு செய்வான்? இவ்வினாவுக்கு விடையாகவே, உலக நாடுகள் கூடிப் பாங்குகள் வைத்திருக்கவேண்டிய முதற்பொருளுக்கு ஓர் அளவு வகுத்துள்ளன. அவ்வளவு எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு கணிக்கப்படுகின்றது, அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருளில் வேலை என்னை என்று சிலர் வினவக்கூடும். 'முதல்' என்னும் சொல்லே எம்மை இதன்கண் ஈர்த்தது. அச்சொல் தொடக்கத்தைக் குறிக்கும். மரத்தின் அடியைக் குறிக்கும். வாணிகத்தில் இடும் பொருளையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் உள்ளே ஒன்றாதல் காண்க. மரம் எத்துணைக் கிளைத்தாலும் அடியின் வலிமையே அதனைத் தாங்குவது, வாணிகமும் அன்னதே. வரக்கூடிய ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்திற் காட்டும் கருத்து. பாங்குகளைப் பற்றிய இக்காலத்து விதிகள் அனைத்தும் இக்கருத்தின் விரிவே என்று கூறினும் மிகையாகாது.

முதல் என்பது யாது?

ஒரு பாங்கு புதிதாகத் தொடங்கப்படுகின்றது என்று கொள்வோம். பங்குக்காரர் தம் சொந்தப் பொருளாக ரூபாய் 10 இலட்சம் இடுகின்றனர். அவரை நம்பி ஊரார் ரூபாய் 90 இலட்சம் கொண்டுவந்து வைக்கின்றனர். ஆகக் கூடியது 100 இலட்சம். இதில் 5 இலட்சத்தை அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்காகக் கையில் நிறுத்தி, எஞ்சிய 95 இலட்சத்தையும் பாங்கு கடனாகக் கொடுத்துவிடுகின்றது. கடன் பெற்றோருட் சிலர் நொடித்துப்போக, 6 இலட்சம் திரும்பவில்லை. அப்போது பங்குக்காரருடைய பொருள் 10 இலட்சத்தினின்று 4 இலட்சமாகக் குறையும். ஊரார் பணத்துக்கு ஊறு ஒன்றுமில்லை. அந்நட்டம் 12 இலட்சமாயினோ, பங்குக்காரருடைய 10 இலட்சமும் அழிந்து, எஞ்சிய 2 இலட்சம் பணமிட்ட ஊரார் தலையில் விழும். ஆகவே, முதல் என்பது நட்டம் வருங்கால் முன்னே நின்று தாங்கும் பொருள். அது தீர்ந்த பின்னரே பிறர் பொருளுக்குக் கேடு வரும்.

முதலென்பது பெட்டியிற் பூட்டிவைத்த பணம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பெட்டியில் இருப்பது ஊரார் பணமாகவும் இருக்கலாம்; பங்குக்காரர் இட்ட பொருள் கடனாக வெளியே சென்றும் இருக்கலாம். எங்கே இருக்கின்றது என்பதன்று வினா; யாருடையது என்பதே வினா. பாங்கின் உடைமை முழுவதையும் ஒருபுறம் வைத்து, அது பிறர்க்குத் தரவேண்டியது முழுவதையும் கழித்தால், எஞ்சுவது எதுவோ அதுவே முதல். கேட்டவுடன் கொடுத்தற்காக ரொக்கமாக நிறுத்தவேண்டிய அளவு வேறொரு விதியைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் மேலே கூறுவன விளங்கா.

இனி, பங்குக்காரர் இதனை இயன்றவரை குறைக்கவே விரும்புவர் என்பதையும் அறிதல் வேண்டும். என்னை? 100 இலட்சம் கடன் கொடுத்து ஓராண்டில் செலவுபோக 1 இலட்சம் ஆதாயம் வருமாயின், 10 இலட்சம் முதலிட்டவர்க்கு அது நூற்றுக்கு 10 வீதம். 2 இலட்சமே முதலிட்டவர்க்கு அது நூற்றுக்கு 50 வீதம். ஆதாயம் பெருகுவது முதல் சிறுக்குந்தோறும் ஆகும். நட்டம் நேரின் பிறர் தலையிற் செல்லும். ஆதாயம் ஒருவர்க்கும் நட்டம் பிறிதொருவர்க்குமாய் அமையும் இந்நிலையே பாங்குத் தொழிலின் உள்ளார்ந்த நோய்.

கடற்கரை வீதி கற்பித்த பாடம்

இந்நோயின் கொடுமையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. இராயபுரத்தினின்று தெற்கே நடந்து, துறைமுகத்தின் எதிரே செல்லும் வீதியை அடைவோம். இன்று இராஜாஜி சாலை எனப் பெயர்பெற்ற அது, முன்னாளில் முதற் கடற்கரை வீதி எனப்பட்டது. சென்னையில் பெயர்பெற்று விளங்கிய ஆங்கில வாணிக நிலையங்களுள் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்னும் மூன்றும் தலைசிறந்தன. அவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி ஊராரிடம் பணம் வாங்கி வட்டி கொடுக்கும் பாங்குத் தொழிலையும் நடத்திற்று. ஓய்வூதியம் பெற்றோரும், கைம்பெண்டிரும், சிறு வணிகரும், உத்தியோகத்தரும் அதன் பெருமதிப்பை நம்பித் தம் வாழ்நாட் சேமிப்பை அதனிடம் வைத்தனர்.

அஃது ஒரு கூட்டாளிகள் நிலையம். அதன் கூட்டாளிகள் சொந்தமாக எவ்வளவு இட்டனர், கடல்கடந்த முயற்சிகளில் ஊரார் பணத்தை எவ்வளவு ஈடுபடுத்தினர் என்பவற்றைப் பணமிட்டோர் அறியார். அறிவிக்கவேண்டும் என்னும் விதியும் இல்லை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அதனோடு தொடர்புடைய மக்பாடியன் கம்பெனி இலண்டன் மாநகரில் வீழ்ந்தது. இரண்டொரு நாளில், அக்டோபர் 22-ஆம் நாள், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இட்ட பொருளில் ஒரு சிறு பகுதியையே பின்னர்ப் பெற்றன. நிலையத்தின் தலைவராகிய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பெற்று 18 மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். தண்டனை நீதியை நிலைநாட்டிற்று; இழந்தவர் பொருளை மீட்டுத் தரவில்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. ஒன்று, புகழும் மாளிகையும் முதலாகா என்பது. மற்றொன்று, இலண்டனில் விழுந்த அடி இரண்டொரு நாளிற் சென்னையைத் தாக்கும் என்பது. பாங்குகளின் கேடு கடலைக் கடந்து வருமாயின், அதனைத் தடுக்கும் விதியும் கடலைக் கடந்ததாதல் வேண்டும். ஆயினும் உலகம் இதனை உணர்ந்து ஒழுகப் பின்னும் பல்லாண்டுகள் சென்றன.

அத்துயரத்தினின்றே ஒரு நன்மையும் தோன்றிற்று. பணமிட்டோர் சார்பில் வழக்காடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, நகரத்தார் பலர் துணைநிற்க, 1907-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியன் பாங்கை நிறுவினர். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அதே கடற்கரை வீதியிற் பாரி மாளிகையில் அது தொழில் தொடங்கிற்று. அப்பாங்கை யாம் பின்னும் ஒருமுறை சந்திக்க நேரும்.

தொகையும் வீதமும்

நம் நாட்டுச் சட்டம் மெல்ல மெல்லவே விழித்தது. 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்குச் சட்டம், தன் அட்டவணையில் இடம்பெற விரும்பும் பாங்கு முதலும் சேமநிதியுமாக ரூபாய் 5 இலட்சம் உடையதாதல் வேண்டும் என்றது. 1936-இல் திருத்தப்பெற்ற கம்பெனிச் சட்டம், பாங்குக் கம்பெனி எதுவும் ரூபாய் 50,000 கைம்முதலின்றித் தொழில் தொடங்கலாகாது என்றது. ஆயினும் 1937-இல் இரண்டு பாங்குகள் இணைந்து தோன்றிய திருவாங்கூர் நேஷனல் குயிலான் பாங்கு, 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பணம் கொடுக்க இயலாது மூடப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின் 1949-இல் பாங்குகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் குறைந்த அளவு முதற்பொருளை ரூபாய்க் கணக்கிலேயே வகுத்தது.

இவற்றின் குறை யாதெனின், இவை தொகையைக் கூறினவேயன்றி வீதத்தைக் கூறவில்லை. 5 இலட்சம் முதலுடைய பாங்கு 50 இலட்சம் கடன் கொடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு தன்னுடையது. அதே பாங்கு வளர்ந்து 5 கோடி கடன் கொடுக்கும்போது நூற்றில் ஒரு பங்கே தன்னுடையது. சட்டம் இரண்டையும் ஒப்பவே நோக்கும். பணமிட்டோர்க்கோ இரண்டும் ஒன்றாகா. ஆகவே, சுமை கூடுந்தோறும் தாங்கும் பொருளும் கூடவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெறலாயிற்று.

துறைமுகத்திற் கப்பல் ஒன்றை உற்றுநோக்குவார்க்கு இது தெளிவாக விளங்கும். அதன் பக்கத்தில் ஒரு வட்டமும், வட்டத்தை ஊடறுத்த கோடும், அருகே சிறு கோடுகள் சிலவும் தீட்டப்பட்டிருத்தல் காணலாம். அக்கோடு நீருள் மூழ்குமளவு சரக்கேற்றலாகாது. நீருக்கு மேல் நிற்கும் பக்கமே புயலிற் கப்பலைக் காப்பது. இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராடியதன் பயனாக 1876-இல் இக்குறி கட்டாயமாயிற்று. ஆனால் அச்சட்டம் குறியை எவ்விடத்தில் இடுவது என்பதைக் கப்பல் உடையாரிடமே விட்டது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அரசு அவ்விடத்தை வகுக்கலாயிற்று. ஒரு நாட்டுக் கப்பல் மட்டும் விதியைக் காத்துக் குறைந்த சரக்கேற்றின், விதியில்லா நாட்டுக் கப்பல் கூலியைக் குறைத்து வாணிகத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆதலின் 1930-இல் நாடுகள் கூடி உலகம் முழுமைக்கும் ஓர் உடன்படிக்கை செய்தன. 1966-இல் அது புதுக்கப்பட்டது. பாங்குகளின் வரலாறும் இவ்வாறே சென்றது.

பாசெல் நகரத்து விதிகள்

1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஜெர்மனியிற் கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் பாங்கு மூடப்பட்டது. அன்று காலையில் அதனிடம் ஜெர்மன் நாணயத்தைச் செலுத்திய பிற பாங்குகள், அதற்கு ஈடாக நியூயார்க்கு நகரிற் பெறவேண்டிய டாலரைப் பெறாது ஏமாந்தன. அவ்வாண்டின் இறுதியில் பத்து நாட்டுக் குழுவைச் சேர்ந்த மத்திய பாங்குகளின் கவர்னர்கள் ஒரு கமிட்டியை நிறுவினர். சுவிட்சர்லாந்தில் பாசெல் என்னும் நகரிற் கூடுதலின் அது பாசெல் கமிட்டி எனப்படுகின்றது. அஃது எந்நாட்டுக்கும் அரசன்று. அதன் தீர்மானங்கள் தாமே சட்டமாகா. உறுப்பு நாடுகள் அவற்றைத் தத்தம் விதியாக ஏற்றுக்கொள்வதாலேயே அவை வலிமை பெறுகின்றன. இந்தியா 2009-இல் அதன் உறுப்பாயிற்று.

1982-இல் மெக்சிக்கோ நாடு தன் கடனைத் தீர்க்க இயலாது நின்றபோது, அமெரிக்கப் பெரும் பாங்குகளின் முதல் எத்துணை மெலிந்திருந்தது என்பதை உலகம் கண்டது. அதன் விளைவாக 1988-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கமிட்டி தன் முதல் விதியை வெளியிட்டது. உலக வாணிகம் நடத்தும் பாங்கு ஒவ்வொன்றும் 1992-இன் இறுதிக்குள், தன் சுமையில் நூற்றுக்கு 8 வீதமேனும் முதல் உடையதாதல் வேண்டும் என்பதே அது.

சுமையை அளக்கும் முறை நுணுக்கமானது. எல்லாக் கடனும் ஒரே தன்மையவாகா. அரசாங்கத்துக்குக் கொடுத்தது பெரும்பாலும் திரும்பும். தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது திரும்பாமலும் போகலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடருக்கேற்ப ஓர் எடை இடப்படுகின்றது. ஒரு பாங்கு ரூபாய் 100 கோடியை மூன்று வழியில் இட்டுள்ளது என்க. தன் அரசின் கடன்பத்திரங்களில் 40 கோடி. இதன் எடை சுழியம். பிற பாங்குகளிடம் 20 கோடி. இதன் எடை நூற்றுக்கு 20, ஆகவே 4 கோடியாகக் கணக்காகும். கம்பெனிகளுக்குக் கடன் 40 கோடி. இதன் எடை நூற்றுக்கு 100, ஆகவே 40 கோடியும் கணக்காகும். மொத்தம் 44 கோடியே சுமை. அதில் நூற்றுக்கு 8 வீதம் ரூபாய் 3 கோடியே 52 இலட்சம். அவ்வளவேனும் பாங்குக்குச் சொந்த முதல் இருத்தல் வேண்டும்.

2004-இல் வந்த இரண்டாம் விதி, பெரும் பாங்குகள் மேற்பார்வையாளரின் இசைவு பெற்றுத் தம் இடரைத் தாமே கணித்துக்கொள்ள இடங்கொடுத்தது. 1876-இற் கப்பல் உடையாரிடமே குறியை விட்ட கதை ஈண்டு மீண்டது போலும்! அளப்பவனும் அளக்கப்படுபவனும் ஒருவனாயின் அளவு குறையவே செய்யும். 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க நிலையம் வீழ்ந்ததும், அதனையொட்டி உலகெங்கும் பரவிய இன்னலும், காகிதத்தில் நிறைந்திருந்த முதல் உண்மையிற் குறைந்திருந்ததைக் காட்டின.

ஆகவே 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் மூன்றாம் விதி வகுக்கப்பட்டது. இது முதலின் அளவைக் காட்டிலும் அதன் தரத்தைப் பெரிதும் நோக்கிற்று. பங்குக்காரர் இட்டதும் ஆதாயத்தில் ஒதுக்கிச் சேர்த்ததுமாகிய தூய முதல் நூற்றுக்கு 4.5 வீதமேனும் இருத்தல் வேண்டும். நட்டத்தைத் தாங்கும் பிற பத்திரங்களும் சேர மொத்தம் 8 வீதம். அதன்மேல், நல்ல காலத்திற் சேர்த்துத் தீய காலத்திற் பயன்கொள்ளத் தூய முதலாகவே 2.5 வீதம். எடையிடும் முறையிற் பிழை நேரினும் காக்குமாறு, எடை பாராது மொத்தச் சுமையில் 3 வீதமேனும் முதல் இருத்தல் வேண்டும் என்று மற்றொரு வரம்பும் கட்டப்பட்டது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், பாங்கு தானே கணித்த சுமை பொதுமுறைக் கணக்கில் நூற்றுக்கு 72.5 வீதத்துக்குக் குறையலாகாது என்னும் வரம்பும் சேர்க்கப்பட்டது. குறியை உடையாரிடம் விடும் வழக்கம் இவ்வாறு ஒருவாறு கட்டுப்பட்டது.

நம் நாட்டிற் கண்டது

இந்தியாவில் நரசிம்மம் கமிட்டி 1991-இற் கூறிய பரிந்துரையைத் தழுவி, ரிசர்வ் பாங்கு 1992-இல் இம்முறையைப் புகுத்திற்று. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு முடிவிலிருந்து உலக அளவாகிய 8 வீதத்தினும் மிகுத்து 9 வீதம் வேண்டுமென்றது. மூன்றாம் விதி 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் படிப்படியாக ஏற்கப்பட்டு, காப்புப் பங்காகிய 2.5 வீதமும் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் முழுமைபெற்று, மொத்தம் 11.5 வீதமாயிற்று. எடை பாராத வரம்பும் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மிகப் பெரிய பாங்குகளுக்கு 4 வீதம், ஏனையவற்றுக்கு 3.5 வீதம் என உலக அளவின் மேலாகவே வகுக்கப்பட்டது.

இவ்விதிகள் வெறும் எண்களல்ல என்பதைக் கடற்கரை வீதியே மறுபடியும் காட்டிற்று. ஆர்பத்நாட்டின் சாம்பலிற் பிறந்த இந்தியன் பாங்கு, 1969-இல் நாட்டுடைமையாக்கப்பட்டுப் பெரிதும் வளர்ந்தபின், 1995-96 கணக்காண்டில் ரூபாய் 1,300 கோடிக்கு மேல் நட்டமடைந்தது. வாராக் கடன்கள் அதன் முதலை விழுங்கின. ஆயினும் பணமிட்டவர் ஒருவரும் ஒரு காசும் இழக்கவில்லை. அரசே உடையவராதலின், அரசு மீண்டும் முதலிட்டு அதனை நிமிர்த்தியது. அம்முதல் எங்கிருந்து வந்தது? நாட்டு மக்கள் செலுத்திய வரியினின்று வந்தது. 1906-இற் பணமிட்டோர் சுமந்த நட்டத்தை இம்முறை வரிசெலுத்துவோர் சுமந்தனர். பாங்கு பின்னர்த் தேறி இன்றும் நிலைத்து நிற்பது மகிழத்தக்கது; ஆயினும் தேறுதற்குரிய விலையைக் கொடுத்தவர் யாரென்பதை மறத்தலாகாது.

மூன்றாவது நிகழ்ச்சி அண்மையது. 1926-இல் கரூர் வணிகர் எழுவர் கூடி நிறுவிய லக்ஷ்மி விலாஸ் பாங்கு, தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிற் பலருக்கும் உறுதுணையாய் வளர்ந்து 563 கிளைகள் உடையதாயிற்று. பிற்காலத்துக் கொடுத்த பெருங்கடன்கள் பல திரும்பவில்லை. 2020-இல் அதன் கடனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாராக் கடனாய் நின்றது. 9 வீதத்துக்குக் குறையாதிருக்கவேண்டிய முதல் 2020 ஜூன் முடிவில் 0.17 வீதமாயிற்று, செப்டம்பர் முடிவிற் சுழியத்துக்கும் கீழே 2.85 வீதம் இறங்கிற்று. அஃதாவது, உடைமை முழுவதையும் விற்றாலும் கடன் தீராத நிலை. நவம்பர் 17-ஆம் நாள், ஒருவர் ரூபாய் 25,000-க்கு மேல் எடுக்கலாகாது என அரசு தடை விதித்தது. ஏறத்தாழ ரூபாய் 20,000 கோடி வைப்புப் பணம் அதன்கண் இருந்தது. தம் பணம் தம்முடையதாகுமோ ஆகாதோ என்று பல இலட்சம் குடும்பங்கள் கலங்கிய நாட்கள் அவை.

பத்து நாளில், நவம்பர் 27-ஆம் நாள், சிங்கப்பூரைச் சார்ந்த டி.பி.எஸ். பாங்கின் இந்தியக் கம்பெனியோடு அது இணைக்கப்பட்டது. புதியவர் ரூபாய் 2,500 கோடி முதலிட்டனர். பணமிட்டோர்க்கு ஒரு காசும் குறையவில்லை. பங்குக்காரர் இட்டது முழுதும் அழிந்தது. அடுத்த படியில் நின்ற பத்திரக்காரருடைய ரூபாய் 318 கோடியும் அழிந்தது. அப்பங்குக்காரருள், தம் ஊர்ப் பாங்கென்னும் பற்றினால் தலைமுறை தலைமுறையாகப் பங்கை விடாது காத்த எளிய குடும்பங்களும் இருந்தன. அவர்தம் இழப்புக்கு வருந்தாதவர் இலர். ஆயினும், விதி கூறிய ஒழுங்கு இதுவே: உடையவர் முன்னர் இழத்தல், நம்பியவர் பின்னர் இழத்தல்.

1906, 1996, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. மூன்றிலும் கடன் திரும்பவில்லை. மூன்றிலும் நட்டம் நேர்ந்தது. வேறுபட்டது ஒன்றே: அந்நட்டத்தைச் சுமந்தவர் யார் என்பது. முதற்பொருளைப் பற்றிய விதிகள் நட்டத்தைத் தடுக்க வல்லனவல்ல. நட்டம் யாரைச் சேரவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வனவே அவை.

மறுப்பும் விடையும்

இவ்விதிகளுக்கு எதிராகக் கூறப்படுவன சில உள. முதல் மிகுதியாக வேண்டுமெனின் பாங்குகள் கடன் கொடுக்கத் தயங்கும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பெருந்தொழிற்சாலைகளை அண்டி வாழும் சிறு பட்டறைகள் கடன் பெறாது தேயும் என்பர். இம்மறுப்பிற் பொருளுண்டு. ஆயின் விதி அதனை முற்றும் மறக்கவில்லை. ஒருவர்க்கு ரூபாய் 7.5 கோடிக்கு மேற்படாது பலர்க்குப் பகிர்ந்தளிக்கும் சிறுகடனுக்கு 100-க்குப் பதிலாக 75 எடையே போதும் என ரிசர்வ் பாங்கு வகுத்துள்ளது. சிறியோர் ஆயிரவர் ஒரே நாளில் நொடியார் என்பது அதன் கருத்து.

அக்கருத்துக்கும் ஓர் எல்லையுண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தைப் பாழாக்கிற்று. ஒரே வாரத்தில் வலை, படகு, கடை, பட்டறை ஆகிய யாவும் கெட்டன. பலர்க்குப் பகிர்ந்த கடனும் ஒரே வட்டாரத்திற் குவிந்திருக்குமாயின் ஒருங்கே கெடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எடை அட்டவணை இந்நுணுக்கத்தை அறியாது. பாங்கின் மேலாளரும் மேற்பார்வையாளருமே அறிந்து ஒழுகுதல் வேண்டும்.

முதல் நிறைந்த பாங்கும் வீழும் என்பர் வேறு சிலர். உண்மையே. 2007-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் பாங்கின் வாயிலில் மக்கள் வரிசையாய் நின்றபோது, அதன் முதல் விதிப்படி குறைவற்றதாகவே கருதப்பட்டிருந்தது. கேட்டவுடன் கொடுக்க ரொக்கமின்மையே அதன் கேடு. ஆகவேதான் மூன்றாம் விதி ரொக்கத்துக்கும் ஓர் அளவு வகுத்தது. நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டு முதல் வைப்புப் பணத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஒருவர்க்கு ஒரு பாங்கில் ரூபாய் 5 இலட்சம் வரை அது காக்கும். இவையனைத்தும் ஒன்றற்கொன்று துணையாவனவேயன்றி மாற்றாகா.

இவற்றினும் பெரிய குறை வேறொன்று. விதியின் வலிமை கணக்கின் வாய்மையைப் பொறுத்தது. வாராக் கடனை வரும் கடனென எழுதிவைப்பின் முதல் நிறைந்ததுபோலத் தோன்றும். லக்ஷ்மி விலாஸ் பாங்கை ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பரிலேயே திருத்தும் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்திற்று; முடிவு வர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் எஞ்சியிருந்த முதலும் கரைந்தது. குறி நீரில் மூழ்குவதைக் கண்ட பின்னும் சரக்கை இறக்கத் தாமதிப்பின், குறியிட்டதனாற் பயன் யாது?

முடிவுரை

கோபுரம் கட்ட விரும்புவோன் அதனை முடித்தற்குத் தக்க பொருள் தன்பால் உண்டோவென முன்னர் அமர்ந்து கணக்கிடுவான் என்பது நம் ஆண்டவர் அருளிய மற்றோர் உவமை. பாங்கு நடத்துவோர் எழுப்பும் கோபுரம் தம் பொருளால் மட்டும் எழுவதன்று. துறைமுகத்திற் சுமை தூக்குவோரும், இராயபுரத்தில் மீன் விற்போரும், தொழிற்சாலையில் உழைப்போரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளாலும் எழுவது. ஆதலின் கணக்கிடும் கடமை அவர்க்கு இருமடங்காகின்றது.

நம் கல்லூரியினின்று வெளியேறுவோருட் பலர் நாளைப் பாங்குகளில் அலுவல் ஏற்பர். சிலர் கணக்கை ஆய்வர். யாவரும் எங்கேனும் ஒரு பாங்கிற் பணமிடுவர். பணமிடுவோர் வட்டி எவ்வளவு என்று வினவுதலோடு அமையாது, இப்பாங்கின் முதல் எவ்வளவு என்றும் வினவப் பழகுதல் வேண்டும். அவ்வெண்ணை ஒவ்வொரு பாங்கும் தன் அறிக்கையில் வெளியிடுதல் இப்போது கட்டாயமாதலின், வினவுதற்குத் தடையொன்றுமில்லை. கணக்கெழுதப் புகுவோர் அவ்வெண்ணைப் பொய்யாது எழுதுதல் வேண்டும். நம்பி இட்டவர் பொருளுக்குக் காவலாய் நிற்பது அந்த ஒற்றை எண்ணே. அதனை மெய்யாக வைத்திருப்பது சட்டத்தின் தொழில் மட்டுமன்று. அதனை எழுதும் கையின் தொழிலும் ஆகும்.